ஒலிக்காத பாங்கும் மாறிவரும் இயங்குதள விதிகளும்

அதிகாலை சுபஹ் தொழுகைக்கு எழுப்பிவிட வேண்டிய கையடக்கத் தொலைபேசிச் செயலி, மாதக்கணக்காகப் பிழையின்றி ஒலித்து வந்துவிட்டு, ஒருநாள் மௌனமாகிவிடுகின்றது. இரவு மாத்திரையை நினைவூட்ட வேண்டிய செயலியோ அரை மணி நேரம் பிந்தி ஒலிக்கின்றது. இத்தகைய முறைப்பாடுகளை நாம் அடிக்கடி கேட்கின்றோம். பாவனையாளர் செயலியைக் குறை கூறுகின்றார். விற்பனை செய்த கடைக்காரர், தொலைபேசியில் பழுதேதும் இல்லையென்று கைவிரிக்கின்றார். செயலியை உருவாக்கியவரோ, தமது நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தாம் மாற்றவில்லை என்கின்றார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கின்றது. நிரலில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை என்பதே பல சந்தர்ப்பங்களில் பிரச்சினையின் காரணமாகவும் அமைந்துவிடுகின்றது. செயலி மாறாதிருக்க, அது தங்கியிருக்கும் இயங்குதளம் மாறிவிட்டது.

இதனை விளங்கிக்கொள்ள, தொழுகை நேரச் செயலியொன்று எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சற்று நோக்க வேண்டும். அச்செயலியிடம் சொந்தமாகக் கடிகாரம் எதுவும் இல்லை. திகதியையும் ஊரின் அகலாங்கு, நெட்டாங்குகளையும் கொண்டு ஐந்து வேளை நேரங்களையும் அது கணித்துக்கொள்கின்றது. அதன்பின், "நாளை அதிகாலை இத்தனை மணிக்கு என்னை எழுப்பு" என்று இயங்குதளத்திடம் ஒரு வேண்டுகோளைப் பதிந்துவிட்டு உறங்கச் சென்றுவிடுகின்றது. குறித்த நேரத்தில் அதனை எழுப்புவது இயங்குதளத்தின் கடமை. இந்த வேண்டுகோள் எந்தச் சொற்களில், எந்த ஒழுங்கில் முன்வைக்கப்பட வேண்டும் என்று வரையறுக்கும் வாயிலைத்தான் செயலி நிரலாக்க இடைமுகம் என்கின்றனர். துறைசார்ந்தோர் சுருக்கமாக ஏ.பி.ஐ. என்பர். பிரதேச செயலகத்தின் கருமபீடத்தில் குறித்த படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் குறித்த காரியம் நடைபெறும் என்பது போன்ற ஏற்பாடு இது. படிவம் மாறிவிட்டால் பழைய படிவத்துடன் வருபவர் திருப்பியனுப்பப்படுவார். சில வேளைகளில் படிவம் மாறாது; அதனைப் பெற்றுக்கொண்ட பின் அலுவலகம் செய்யும் காரியம் மாறிவிடும். அலாரம் விடயத்தில் நடந்தது இந்த இரண்டாவது வகை. இதுவே ஆபத்துக் கூடியதும்கூட. திருப்பியனுப்பப்பட்டவருக்குத் தமது விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதாவது தெரியும்.

நேரம் தொடர்பான ஏற்பாடொன்றை மேலிருந்து மாற்றும்போது கீழே என்ன நேரும் என்பது எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் இந்நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி மேலும் அரை மணி நேரம் பின்தள்ளப்பட்டு, கிறீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்கே திரும்பினோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இடைப்பட்ட மாற்றங்களை ஏற்காது பழைய நேரத்தையே பின்பற்றியமையால், 2002 இல் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையைக் கடந்து சென்றோர் மணிக்கூட்டை அரை மணி நேரம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. 2006 இல் கணினிகளிலே பதிந்திருந்த இலங்கை நேரமும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. திருத்தப்படாதவை அரை மணி நேரம் முந்திக் காட்டின. ஆனால், அந்த மாற்றத்தை அரசாங்கம் அறிவித்தது, வானொலி சொன்னது, பத்திரிகைகள் எழுதின. அன்ட்ரொயிட் இயங்குதளத்தில் ஏற்படும் மாற்றத்துக்கு அத்தகைய அறிவித்தல் ஏதும் பாவனையாளரை எட்டுவதில்லை. நிரலாளர்களுக்கான ஆங்கில ஆவணங்களில் அது வெளியாகின்றது. அவற்றை வாசிக்காத நிரலாளரும் உளர் என்பது வேறு விடயம்.

கூகிள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் 2008 ஆம் ஆண்டு முதன்முதலாகச் சந்தைக்கு வந்தபோது அலாரம் என்பது எளிமையான காரியமாக இருந்தது. செயலி ஒரு நேரத்தைச் சொல்லும். இயங்குதளம் அந்த நேரத்தில் எழுப்பும். தொலைபேசியில் பத்துச் செயலிகள் இருந்தால், பத்தும் தத்தமக்கு விருப்பமான நேரங்களில் அதனை எழுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் மின்கலம் சற்றுக் கரையும். காலையில் மின்னேற்றிய தொலைபேசி மாலைக்குள் அணைந்துவிடும் நிலைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. எனவே 2013 ஒக்டோபரில் வெளியான 4.4 ஆம் பதிப்பில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. வழமையான அலாரங்கள் இனிமேல் அண்ணளவானவை. அருகருகே அமைந்த பல அலாரங்களை ஒன்றுசேர்த்து ஒரே விழிப்பில் இயங்குதளம் நிறைவேற்றிவிடும். துல்லியமான நேரத்தில் எழ வேண்டிய செயலி, அதற்கென ஏற்படுத்தப்பட்ட புதிய வாயிலில் சென்று கேட்க வேண்டும். வானிலையைப் புதுப்பிக்கும் செயலி ஐந்து நிமிடம் பிந்தினால் எவருக்கும் நட்டமில்லை. நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் செயலி ஐந்து நிமிடம் பிந்தினால் அது பயனற்றது.

இவ்விடத்தில் கூகிள் நிறுவனம் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கைக்கொண்டது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஒவ்வொரு செயலியும் தான் எந்தப் பதிப்பின் விதிகளுக்கமைய எழுதப்பட்டது என்பதைத் தன்னுள்ளேயே அறிவித்திருக்கும். இதனை இலக்குப் பதிப்பு எனலாம். பழைய பதிப்பை இலக்காக அறிவித்த செயலி புதிய தொலைபேசியில் நிறுவப்பட்டாலும், இயங்குதளம் அதனைப் பழைய விதிப்படியே நடத்தும். 4.4 ஆம் பதிப்பின் அலாரம் மாற்றம் இந்த முறையிலேயே கொண்டுவரப்பட்டமையால், பழைய செயலிகள் தொடர்ந்து துல்லியமாக ஒலித்தன.

2015 இல் வெளியான 6.0 ஆம் பதிப்பில் நிலைமை வேறு. 'டோஸ்' எனப்படும் ஆழ்உறக்க நிலை அதில் அறிமுகமாகியது. மின்னேற்றியில் இணைக்கப்படாமல், அசையாமல், திரை அணைந்த நிலையில் சிறிது நேரம் கிடக்கும் தொலைபேசி ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லும். செயலிகளின் வேண்டுகோள்கள் அனைத்தும் இடையிடையே வரும் சிறு விழிப்புகள் வரை ஒத்திவைக்கப்படும். நேரம் செல்லச் செல்ல அவ்விழிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் நீளும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் துல்லியத்துக்கென்று திறக்கப்பட்ட புதிய வாயிலும் இந்த ஒத்திவைப்பிலிருந்து தப்பவில்லை. அதைவிட முக்கியமானது, செயலியின் இலக்குப் பதிப்பு எதுவாயினும் இவ்விதி அதற்குப் பொருந்தும் என்பதாகும். பழைய செயலிகளுக்கு வழங்கப்பட்டிருந்த பாதுகாப்பு இங்கே கிடைக்கவில்லை.

மின்னேற்றியில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து, பல மணி நேரம் கிடக்கும் தொலைபேசி எதுவென்று சிந்தித்துப் பார்த்தால் விடை உடனே கிடைக்கும். இரவில் உறங்குபவரின் தலைமாட்டில் இருக்கும் தொலைபேசிதான் அது. பகலில் சட்டைப் பையில் அசைந்துகொண்டிருக்கையில் லுஹரும் அஸரும் மஃரிபும் சரியாக ஒலிக்க, சுபஹ் மாத்திரம் தவறுவதற்கான விளக்கம் இதுவே. மின்னேற்றியில் இட்டுவிட்டு உறங்கிய இரவுகளில் சுபஹும் சரியாக ஒலித்திருக்கும். இதனால் பாவனையாளருக்கு மேலும் குழப்பம். ஒருநாள் ஒலித்து மறுநாள் ஒலிக்காத செயலியைப் பழுதானது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை.

இதற்கும் வழி விடப்பட்டிருந்தது. ஆழ்உறக்கத்திலும் எழுப்பக்கூடிய மூன்றாவது வாயிலொன்று 6.0 ஆம் பதிப்பில் திறக்கப்பட்டது. ஆனால் ஆழ்உறக்க வேளையில் ஒரு செயலி கிட்டத்தட்ட 9 நிமிடங்களுக்கு ஒரு தடவைதான் அதனைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடும் உடன் வந்தது. ஐவேளைத் தொழுகைக்கு இது தடையல்ல எனத் தோன்றும். றமழானில் ஸஹர் முடிவதற்கு 5 நிமிடம் முன்னதாக ஓர் எச்சரிக்கையும் பின்னர் பாங்கும் ஒலிக்க வேண்டுமெனச் செயலியில் அமைத்திருப்பவருக்கு இரண்டாவது ஒலி பிந்தக்கூடும். இவற்றைவிட நம்பகமான வழி 2014 இன் 5.0 ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. கடிகார அலாரத்துக்கென அமைந்த அந்த வாயிலில் பதிந்தால், இயங்குதளம் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே ஆழ்உறக்கத்தைக் கலைத்து விழித்துக்கொள்ளும். அதிகாலைத் தொழுகைக்கும் நோயாளரின் மருந்து வேளைக்கும் பொருத்தமானது இதுவே என்பது எமது எண்ணம். எனினும், இயங்குதளம் தானாக ஒரு செயலியை இந்த வாயிலுக்கு மாற்றிவிடாது. நிரலாளர் வந்து நிரலைத் திருத்தியாக வேண்டும்.

2017 இன் 8.0 ஆம் பதிப்பில் அறிவித்தல்களை வகைப்படுத்தும் முறை வந்தது. அப்பதிப்பை இலக்காகக் கொண்டும் தன் அறிவித்தல்களை வகைப்படுத்தாத செயலி எழுந்தாலும் அதன் அறிவித்தல் திரையில் தோன்றாது. பின்னணியில் இயங்குவதற்கான கட்டுப்பாடுகளும் அதனுடன் இறுகின. இவை ஒருபுறமிருக்க, அண்மைய ஆண்டுகளில் நடந்தது அனுமதி பற்றியது. 2021 இன் 12 ஆம் பதிப்பை இலக்காகக் கொள்ளும் செயலி துல்லியமான அலாரத்தைப் பதிவதாயின், கடிகார அலாரம் உட்பட, அதற்கெனத் தனி அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்றாயிற்று. தொடக்கத்தில் அந்த அனுமதி இயல்பாகவே வழங்கப்பட்டிருந்தது. பாவனையாளர் விரும்பினால் நீக்கலாம். நீக்கினால் பதிந்த துல்லிய அலாரங்கள் யாவும் அழிந்துவிடும். 2022 இன் 13 ஆம் பதிப்பில், புதிதாக நிறுவப்படும் செயலி அறிவித்தல் காட்டவே பாவனையாளரின் சம்மதம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 4 ஆம் திகதி வெளியான 14 ஆம் பதிப்பில், 13 ஆம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்டு புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்குத் துல்லிய அலாரத்துக்கான அனுமதி இயல்பாக மறுக்கப்பட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கெனவே அந்த அனுமதியுடன் இயங்கிய செயலி, அதே தொலைபேசி 14 ஆம் பதிப்புக்கு உயர்த்தப்படும்போது அனுமதியை இழப்பதில்லை. புதிய தொலைபேசியொன்றை வாங்கி, பழையதிலிருந்த செயலிகளையும் தரவுகளையும் அப்படியே மாற்றிக்கொள்பவருக்கோ அந்த அனுமதி மாறி வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய புதிய தொலைபேசியில் எல்லாம் முன்போலவே இருக்கும். படங்கள் இருக்கும், தொடர்பு இலக்கங்கள் இருக்கும், தொழுகைச் செயலியும் மருந்துச் செயலியும் தத்தம் இடத்தில் இருக்கும். அவை குறித்த நேரத்தில் ஒலிக்கமாட்டா. செயலி தானாகவே தனது நிலையைப் பரிசோதித்து, "இந்த அனுமதி இல்லாவிடில் நேரம் தவறும்" என்று தெளிவாகச் சொல்லி அனுமதி கோர வேண்டும். தமிழில் சொன்னால் மிகவும் நல்லது. பல செயலிகள் இதனைச் செய்வதில்லை.

கடிகாரச் செயலிகளுக்கும் நாட்காட்டிச் செயலிகளுக்கும் கேளாமலே துல்லிய அலாரம் கிடைக்கும் வேறொரு ஏற்பாடு 13 ஆம் பதிப்பிலேயே செய்யப்பட்டிருக்கின்றது. அலாரத்தையோ நாட்காட்டியையோ பிரதான பணியாகக் கொண்ட செயலிகளுக்கே அதனைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்பது பிளே ஸ்டோர் விதி. தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் குர்ஆனையும் ஒருங்கே தரும் செயலி இவற்றில் எதில் அடங்கும்? சுபநேரமும் இராகுகாலமும் காட்டும் பஞ்சாங்கச் செயலி நாட்காட்டிதானா? கலிபோர்னியாவில் வரையப்பட்ட வகைப்பாட்டில் எமது மக்களின் நாளாந்தத் தேவைகள் இலகுவில் பொருந்துவதில்லை.

மேற்கூறிய அனைத்தையும் சரிவரச் செய்த செயலியும் தோற்கும் இடம் ஒன்றுண்டு. தொலைபேசி உற்பத்தியாளர்கள் சிலர், மின்கலம் நீண்ட நேரம் நிற்கின்றது என்று விளம்பரம் செய்யும் பொருட்டு, கூகிளின் விதிகளுக்கு மேலாகத் தமது சொந்தக் கட்டுப்பாடுகளையும் சேர்த்துவிடுகின்றனர். பின்னணியிலுள்ள செயலியை முற்றாக நிறுத்திவிடுவதும் இவற்றில் அடங்கும். உறக்கக் கண்காணிப்புச் செயலியொன்றின் தயாரிப்பாளர்கள் இதனால் நொந்துபோய், எந்த உற்பத்தியாளர் எவ்வளவு கடுமையாக நடந்துகொள்கின்றார் என்று தரவரிசைப் பட்டியலே தயாரித்து வெளியிட்டனர். 'எனது செயலியைக் கொல்லாதே' என்ற பொருளில் அவர்கள் அதற்குப் பெயரிட்டமை அவர்களின் மனநிலையைக் காட்டுகின்றது.

அப்பிளின் ஐபோன் பாவனையாளர்கள் இவற்றிலிருந்து தப்பினர் என்று கொள்வதற்கில்லை. அங்கே கட்டுப்பாடு தொடக்கம் முதலே இருந்தது. ஒரு செயலி முன்கூட்டியே பதிந்து வைக்கக்கூடிய அறிவித்தல்கள் 64 மாத்திரமே. நாளொன்றுக்கு ஐந்து வேளை எனக் கொண்டால் 12 நாட்களுக்கு மேல் அது போதாது. செயலியை இரண்டு வாரம் திறக்காதிருந்தால் பாங்கு ஒலிப்பது நின்றுவிடுவதற்கான காரணம் இந்த எண்தான். அறிவித்தலின் ஒலி 30 விநாடிகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் முழுமையான பாங்கையும் அவ்வழியில் ஒலிக்கச் செய்ய முடிவதில்லை. 2025 செப்டெம்பரில் வெளியான ஐ.ஓ.எஸ். 26 இல்தான், தொலைபேசி மௌன நிலையில் இருந்தாலும் ஒலிக்கும் உண்மையான அலாரத்தைப் பிறர் தயாரிக்கும் செயலிகளும் வைத்துக்கொள்ள வழி திறக்கப்பட்டது. அதற்கும் நிரலைப் புதிதாக எழுதியாக வேண்டும்.

இவ்வளவையும் கூறியபின், இயங்குதளங்களை ஆள்வோர்மீது முழுப் பழியையும் சுமத்திவிடுவது நியாயமாகாது. கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பலர் பயன்படுத்திய மின்சூள் விளக்குச் செயலியொன்று, பாவனையாளர் எங்கிருக்கின்றார் என்ற தகவலை விளம்பர நிறுவனங்களுக்கு வழங்கி வந்தமை தொடர்பில் 2013 டிசெம்பரில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. 2020 நவெம்பரில் வெளியான செய்தி எமது முஸ்லிம் வாசகர்களுக்கு மேலும் அதிர்ச்சி தந்திருக்கும். உலகெங்கும் பயன்படுத்தப்படும் 'முஸ்லிம் புரோ' என்னும் தொழுகைச் செயலியிலிருந்து இருப்பிடத் தரவுகள் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அமெரிக்க இராணுவத்துக்கான ஒப்பந்தகாரர்கள் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாக இருந்ததையும் 'மதர்போர்ட்' சஞ்சிகை வெளிப்படுத்தியது. செயலியின் உரிமையாளர்கள் அந்நிறுவனத்துடனான தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தனர். அடுத்த மாதமே கூகிளும் அப்பிளும் எக்ஸ்-மோட்டின் நிரலைச் செயலிகளிலிருந்து அகற்றுமாறு பணித்தன.

12 ஆம் பதிப்பில், துல்லியமான இருப்பிடத்துக்குப் பதிலாக அண்ணளவான இருப்பிடத்தை மட்டும் வழங்கும் தெரிவு பாவனையாளருக்குக் கிடைத்தமை இந்தப் பின்னணியில் வரவேற்கத்தக்கது. தொழுகை நேரத்தைக் கணிக்க அண்ணளவான இடமே போதுமானது. சூரியன் ஒரு பாகை நெட்டாங்கைக் கடக்க 4 நிமிடம் எடுக்கின்றது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஏறத்தாழ 1.85 பாகை வித்தியாசம். ஆகவே சுமார் 7 நிமிடம் முந்தியே மட்டக்களப்பில் உச்சிப்பொழுது வருகின்றது. கொழும்பு நேரத்தைக் கொண்டு காத்தான்குடியில் நோன்பு திறக்க இயலாதுதான். ஆனால் அண்ணளவான இருப்பிடம் என்பது ஏறக்குறைய 3 சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் இடத்தைக் காட்டுவதாகும். அதனால் விளையும் வித்தியாசம் சில விநாடிகளே. துல்லியமான இருப்பிடத்தைத் தராவிட்டால் இயங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தொழுகை நேரச் செயலியைச் சந்தேகக் கண்கொண்டு பார்ப்பதில் தவறில்லை.

ஆகவே விதிகள் மாற வேண்டியிருந்தன. அவற்றை மாற்றிய விதத்திலேயே எமக்கு முறைப்பாடு உண்டு. கணினி உலகில் இதற்கு மாறான மரபும் இருந்து வந்திருக்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 ஐத் தயாரித்தபோது, சிம்சிட்டி என்ற விளையாட்டு மென்பொருள், விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை மீண்டும் வாசிக்கும் பிழையைக் கொண்டிருந்தது. பழைய இயங்குதளத்தில் அப்பிழை வெளித்தெரியவில்லை. புதியதில் விளையாட்டு முறிந்துவிடும். அது விளையாட்டைத் தயாரித்தவரின் தவறு என்று கைகழுவிவிடாமல், சிம்சிட்டி இயங்கும்போது மாத்திரம் நினைவகத்தை வேறுவிதமாகக் கையாளுமாறு தமது இயங்குதளத்தையே மைக்ரோசொப்ட் பொறியியலாளர்கள் மாற்றியமைத்தனர் என்பது பலமுறை எடுத்துரைக்கப்பட்ட கதை. லினக்ஸ் கருவைப் பராமரிக்கும் லினஸ் டோர்வால்ட்சும், கருவில் செய்யும் மாற்றத்தால் பாவனையாளரின் மென்பொருள் முறியக்கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாகக் கொண்டிருப்பவர். அன்ட்ரொயிட் அந்த லினக்ஸ் கருவின் மீதே எழுப்பப்பட்டது என்பது இங்கு ஒரு முரண்.

கூகிளின் போக்கு இதற்கு எதிரானது. 2018 ஓகஸ்ட் முதல், பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகள் அண்மைக்காலப் பதிப்பொன்றை இலக்காகக் கொண்டிருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த எல்லை ஆண்டுதோறும் முன்னகர்கின்றது. நீண்ட காலம் இற்றைப்படுத்தப்படாத செயலிகள் புதிய தொலைபேசிகளை வைத்திருப்போரின் தேடலில் தோன்றாமற்போகும் என 2022 இல் அறிவிக்கப்பட்டது. 14 ஆம் பதிப்பிலோ, 6.0 ஐ விடப் பழைய பதிப்பை இலக்காகக் கொண்ட செயலியை வழமையான முறையில் நிறுவவே முடியாது. நண்பரிடமிருந்து கோப்பாகப் பெற்றாலும் தொலைபேசி அதனை ஏற்காது. இவ்வாறாக நிரலாளர் இருபுறமும் நெருக்கப்படுகின்றார். இலக்குப் பதிப்பை உயர்த்தாவிட்டால் செயலி கடையிலிருந்து மறையும். உயர்த்தினால் புதிய விதிகள் அனைத்தும் ஒருசேர அதன்மீது வந்து விழும்.

பெரிய நிறுவனங்களுக்கு இது பெரும் சுமையல்ல. அவற்றில் இதற்கென்றே பொறியியலாளர் குழுக்கள் உள்ளன. பல்கலைக்கழகத்தில் பயிலும்போது ஆர்வத்தால் ஒரு தமிழ்ச் செயலியை உருவாக்கிவிட்டு, பின்னர் தொழிலும் குடும்பமுமாகிவிட்ட இளைஞரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அவர் பழைய நிரலைத் தேடியெடுத்து, புதிய விதிகளைப் படித்துத் திருத்தி, பழைய தொலைபேசியிலும் புதியதிலும் பரிசோதித்து வெளியிட வேண்டும். ஒரு காலத்தில் இந்நாட்டுத் தமிழ்ச் செய்தித் தளங்களை வாசிக்க பாமினி போன்ற எழுத்துருக்களைத் தரவிறக்க வேண்டியிருந்ததும், ஒருங்குறி வந்தபின் மாற்றப்படாத பக்கங்கள் வாசிக்க முடியாத குறியீடுகளாகிப் போனதும் எமது தலைமுறைக்கு நினைவிருக்கும். எழுத்துருவாவது ஒருமுறை மாறியதுடன் ஓய்ந்தது. ஐபோனுக்கான செயலியாயின் அப்பிளுக்கு வருடாந்தம் 99 டொலர் செலுத்தவும் வேண்டும். செலுத்தத் தவறினால் செயலி அகற்றப்படும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவரை சென்றபோது, சுமார் 20 ஆயிரம் ரூபாவாக இருந்த இக்கட்டணம் சில மாதங்களில் 36 ஆயிரம் ரூபாவை நெருங்கியது. இலாபம் கருதாது செயலி நடத்தும் ஒருவருக்கு இது சிறு தொகையல்ல.

எமது நாட்டில் திணைக்களங்களும் சங்கங்களும் செயலி வெளியிடுவதை விழாவாகவே நடத்துகின்றன. மங்கள விளக்கேற்றப்படுகின்றது, பிரதம அதிதி பொத்தானை அழுத்துகின்றார், மறுநாள் பத்திரிகையில் படம் வருகின்றது. அடுத்த ஆண்டின் இற்றைப்படுத்தலுக்கு யார் பொறுப்பு என்று அங்கு எவரும் கேட்பதில்லை. செயலிக்கான கேள்விமனு கோரப்படும்போதே, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்பும் நிரலின் மூலவடிவத்தை நிறுவனத்திடம் ஒப்படைத்தலும் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். நிரலாளர்களும், பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும் அலாரம், அனுமதி விடயங்களைச் செயலி முழுவதும் சிதறவிடாது ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்தால் அடுத்த மாற்றம் வரும்போது அந்த ஒரு பகுதியைத் திருத்துவதுடன் வேலை முடியும். வேறுபட்ட பதிப்புகளைச் சமாளிப்பதற்கான நூலகங்களைக் கூகிளே இலவசமாக வழங்குகின்றது. தொலைபேசி அணைந்து மீளும்போது பதிந்த அலாரங்கள் யாவும் அழிந்துவிடும் என்பதையும், அவற்றை மீளப் பதிவது செயலியின் பொறுப்பு என்பதையும் மறந்துவிடும் நிரலாளர் இன்னும் இருப்பதால், எமது சிறு ஊர்களின் மின்வெட்டு இரவுகளில் மின்கலம் தீர்ந்து அணைந்த தொலைபேசிகள் மறுநாள் காலை மீண்ட பின்னரும் மௌனமாகவே இருந்துவிடுகின்றன.

பாவனையாளர் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. தொலைபேசியின் அமைப்புகள் பகுதியில் செயலிகளுக்கான விசேட அனுமதிகளின் கீழ் 'அலாரங்களும் நினைவூட்டல்களும்' என்ற தலைப்பு இருக்கும்; அதிலே தொழுகைச் செயலிக்கோ மருந்துச் செயலிக்கோ அனுமதி வழங்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அறிவித்தலுக்கான அனுமதி வேறு. அதனையும் தனியே பார்க்க வேண்டும். மின்கலச் சிக்கனப் பட்டியலிலிருந்து அச்செயலிக்கு விலக்களிப்பது மூன்றாவது. தொலைபேசியின் தயாரிப்புக்கேற்பத் தலைப்புகள் சற்று மாறுபடலாம். புதிய தொலைபேசிக்கு மாறியவர்கள் இம்மூன்றையும் முதல் நாளிலேயே செய்துகொள்வது நல்லது. பள்ளிவாசலில் கிடைக்கும் அச்சிட்ட நேர அட்டவணையை அதுவரை சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டாம். பின்னர், றமழான் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பாக, ஓர் இரவு தொலைபேசியை மின்னேற்றியிலிருந்து கழற்றி, திரையை அணைத்து, மேசைமீது அசையாது வைத்துவிட்டு, சுபஹ் பாங்கு குறித்த நிமிடத்தில் ஒலிக்கின்றதா என்று பார்க்கலாம். மின்னேற்றியில் இட்டபடி செய்யும் சோதனையால் எதுவும் தெரியவராது.